மில்லுக்காரி கேட்ட ஏழாவது பாட்டு

மில்லுக்காரி வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. இருக்கவும் முடியாது. முன்பக்கம் மாவு மில், பின்பக்கம் குடித்தனம், நடுவில் கதவில்லாத ஒரு வாசல்படி. காலையில் மோட்டார் ஓடத் தொடங்கினால் அந்த வீட்டில் பேச முடியாது, கத்தத்தான் முடியும். உப்பு ஜாடி எங்கே என்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். உன் நாத்தனார் புருஷன் வேலையை விட்டுவிட்டானாமே என்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். மில் நின்ற பிறகும் தொண்டை பழக்கத்தை விடாது. துக்க வீட்டுக்குப் போய்க் காதோடு காதாக, "சொத்தைப் பிரிச்சாச்சா?" என்று இவர்கள் கேட்டால், படுத்திருக்கும் பிணமே எழுந்து பதில் சொல்லிவிடும்.

அவள் ஒன்றும் கத்திக்கொண்டே பிறந்தவள் இல்லை. அவளுடைய சின்ன அத்தையும் மில்லுக்காரனின் தாயும் ஓரகத்திகள். அந்த வழியாக வந்த சம்பந்தம். வந்த புதிதில் இவள் பேசியது யார் காதிலும் விழாமல், "வாயில்லாப் பிள்ளையக் கட்டி வச்சுட்டாங்களே" என்று மாமியார் மூன்று வீடு ஏறிச் சொல்லி அழுதாளாம். ஒரே மழைக்காலத்தில் மருமகள் அவளையும் மிஞ்சிக் கத்தக் கற்றுக்கொண்டாள். கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. முறத்தில் தானியம் புடைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், உதட்டைத் திறக்காமல் "ம்ம்ம்" என்று மோட்டார் மாதிரியே இழுப்பாள். தூக்கத்திலும் இழுப்பாள். "மில்ல நிறுத்திட்டு வந்தாலும் உனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கே, சுவிச்சு எங்கடி இருக்கு?" என்பான் புருஷன்.

அந்த வீட்டில் ஒருவன் மட்டும் கத்த மாட்டான். மில்லுக்காரியின் கொழுந்தன். அவனுக்கு இளம் வயதிலேயே காது போய்விட்டது. ஆனால் எதிரே இருப்பவர்கள் வாய் திறக்கிற வேகத்தைப் பார்த்து, "ஏன் கத்தறீங்க? கத்தாதீங்க" என்று எல்லோரையும் அடக்குவான். அதனால் அவனுக்குப் பெயரே 'கத்தாதே' என்று ஆயிற்று.

மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தது தெருவே அறிந்த கதை. மாப்பிள்ளை தலையில் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். உள்ளே வந்த பிறகும் கழற்றவில்லை. சமையலறைக்குப் போன மில்லுக்காரி புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"தொப்பிக்குள்ள வழுக்கைன்னு எங்க சித்தி சொன்னா! எப்படியாவது கழட்டச் சொல்லிப் பாருங்க!"

கூடத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தது போல் பளபளவென்று இருந்தது. மகள்தான் உள்ளிருந்து கத்தினாள்: "எனக்குச் சம்மதம்! கழட்டினாரே, அது போதும்!" அன்றிலிருந்து அவர் தொப்பி மாப்பிள்ளை. பெயர்தான் தொப்பி. அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் தொப்பியே போடவில்லை.

இத்தனையும் ஒன்று விடாமல் ஒருவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவர்தான் அடுத்த வீட்டுப் பாட்டுக்காரம்மா.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பாட்டுக்காரம்மா குடிவந்தபோது அவரை ஊர் உலகத்துக்குத் தெரியாது. வந்த வாரமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றார்.

"காலையில மட்டும் கொஞ்ச நேரம் இத நிறுத்தி வைக்க முடியுமா? நான் பாடிப் பழகணும்."

"நீங்க பாடலேன்னா யாரும் பட்டினி கெடக்கப் போறதில்ல. நான் அரைக்கலேன்னா தெருவே பட்டினி."

"பட்டினி கெடந்தும் பாட்டுக் கேக்கற ஜனங்க உண்டும்மா."

"அப்படியா? அவங்கள உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். சாப்பாட்டையும் நீங்களே பாத்துக்குங்க."

அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அதற்குப் பிறகு பாட்டுக்காரம்மா பேரும் புகழும் பெற்றார். வாசலில் கார் வந்து நிற்கும், மாலை வரும், படம் பிடிப்பவர்கள் வருவார்கள். பங்களா வாங்கும் வசதி வந்தும் அவர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. என்னை ஜெயிக்காமல் போகக் கூடாது என்ற வீம்பு என்று மில்லுக்காரி தன் கணக்குக்கு வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த வீம்பு பிடித்திருந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. உலகமே காசு கொடுத்துக் கேட்கும் குரல் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது ஒரு நாளும் இவள் காதில் விழுந்ததில்லை. மில் ஓடும்போது எதுவும் கேட்காது. சரி, வார விடுமுறையில் கேட்கலாம் என்றால், அன்றைக்குப் பார்த்து அந்த அம்மா வாயே திறக்க மாட்டார். மின்சாரம் போய் மோட்டார் நின்றால், அந்த வீட்டிலும் நின்றுவிடும்.

"வேணும்னே பண்றாங்கடி. நான் சும்மா இருக்கும்போது அவங்களும் வாயப் பூட்டிக்கிறாங்க. என் காதுல விழுந்தா கரைஞ்சா போயிடும்?" என்பாள் மூத்த மகளிடம்.

"ரேடியோவுல கேட்டிருக்கியேம்மா."

"அது ஊருக்குப் பாடறது. இத்தனை வருஷம் ஒரே சுவத்துல முதுகு சாய்ச்சிருக்கோம். எனக்குன்னு ஒரு வரி வந்து விழலையே."

இப்படி இருக்கையில்தான் செய்தி வந்தது. பாட்டுக்காரம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, முழங்காலும் மடங்கவில்லை. மருத்துவர் இனிப் பாட வேண்டாம் என்றுவிட்டார். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று அந்த அம்மா அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். ஏழு பாட்டு. ஏழும் அவரே வீட்டில் உட்கார்ந்து வார்த்தை கோத்து மெட்டுப் போட்டவை. மாடி ஏறி ஸ்டூடியோவுக்குப் போக முடியாது, அதனால் வீட்டுக் கூடத்திலேயே பதிவு.

வாத்தியங்களுக்குப் பொறுப்பான இசையமைப்பாளர் தானே மில்லுக்கு வந்தார். கூடவே காதில் மாட்டும் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்காரர். பதிவு முடியும் வரை மில்லை நிறுத்த வேண்டும் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார், பாவம்.

"நிறுத்தறேன்" என்றாள் மில்லுக்காரி.

"அதில்லம்மா, நஷ்டத்துக்கு நாங்க..."

"நிறுத்தறேன்னு சொன்னேனே. காது கேக்கலையா? எங்க கொழுந்தன் கூடச் சேந்துக்கறீங்களா?"

அவர்கள் போனதும் மூத்த மகள் தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே!"

"போடி. இதுதான் கடைசி. இப்பக் கேக்கலேன்னா அப்புறம் எப்பக் கேக்கறது?"

மறுநாள் மில் நின்றது. மில்லுக்காரி தலைமுடியிலிருந்த மாவை எல்லாம் கழுவி, வெளுத்த துணி உடுத்தி, சுவரோரம் கோதுமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு வயலின் இழுத்தது. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு குரல். ஒரு அடி, ஒன்றரை அடி வந்தது; வழுக்கியது; நின்றது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி நின்றது. பொழுது சாயும் வரைக்கும் இதே கதை. சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்தார்கள், வயலினை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கடைசியில் பாட்டே இல்லை, இருமல்தான் கேட்டது.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "வயசாச்சு. மரியாதையா முன்னமே நிறுத்தியிருக்கலாம்" என்றார் துணி தேய்க்கிறவர். மில்லுக்காரி அவரிடம் ஒரு மூச்சு சண்டை பிடித்துவிட்டு வந்தாள். ஆனால் மனசு ஆறவில்லை.

"கண்ணு படும்னு சொல்லுவாங்க. காது படுமாடி? நான் காத தீட்டிக்கிட்டு உக்காந்ததாலதான் இப்படி ஆச்சோ?"

"ஆமா, உன் காது அவ்ளோ சக்தி. போம்மா."

மில்லில் தானிய டின்கள் குவிந்து வழி அடைத்தன. ரொட்டிக் கடைக்காரர் மூன்று தடவை வந்து பெருமூச்சு விட்டுப் போனார்.

அடுத்த நாள் காலைதான் கத்தாதே ஊரிலிருந்து திரும்பினான். மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவன். பதிவு நடப்பது அவனுக்குத் தெரியாது. யாராவது கத்திச் சொல்லியிருந்தால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான்தான், ஆனால் பதிவு நடக்கிறதே என்று அந்த இரண்டு நாளாக வீட்டில் எல்லோரும் வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவன் டின்கள் குவிந்திருப்பதைப் பார்த்தான். அண்ணிக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று மனமிரங்கினான். ரொட்டிக் கடை டின்னைத் தூக்கி மேல்கூம்பில் கவிழ்த்து, மோட்டாரைப் போட்டுவிட்டான்.

பின்கட்டில் தலை வாரிக்கொண்டிருந்த மில்லுக்காரி சீப்போடு ஓடி வந்தாள். "நிறுத்துங்க! குடி கெட்டுது! நிறுத்துங்க!"

"ஏன் அண்ணி கத்தறீங்க? கத்தாதீங்க. வந்துட்டேன்ல, நான் பாத்துக்கறேன்."

ஒலிப்பதிவுக்காரர் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். மில்லுக்காரி கொழுந்தனைத் தள்ளிவிட்டு சுவிட்சில் கை வைத்தாள். அதற்குள் பாட்டுக்காரம்மாவின் அண்ணன் மகள், அவருக்குத் துணையாக இருக்கும் பெண், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க! மில்லம்மா, நிறுத்தவே நிறுத்தாதீங்க! அத்தை பாடறாங்க! முழுப் பாட்டும் நிக்காம வருது!"

ஸ்டூடியோவில் பாடும்போது இருபது வாத்தியங்கள் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஆனால் வீட்டில் அவர் பாடிப் பழகியது எல்லாம் சுவர் வழியாக வரும் அந்த ஒரே இரைச்சலைப் பிடித்துக்கொண்டுதான். இந்த ஏழு பாட்டும் அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே வளர்ந்தவை. அதை நிறுத்தியதும், படியில் கைப்பிடியை எடுத்துவிட்டது போல் ஆகிவிட்டது. மில் வேண்டாம் என்று கேட்டு வந்தது இசையமைப்பாளர். பாட்டுக்காரம்மாவோ காரணம் தெரியாமல், தனக்கு முடியாமல் போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

விடுமுறை நாளில் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது மில்லுக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ ஓட்டறேன். ஆனா பதிவுல இரைச்சல் விழாதா?"

"விழட்டும்னு சொல்லிட்டாங்க அத்தை."

மில் ஓடியது. பாட்டு நடந்தது. மில்லுக்காரி கூம்பின் பக்கத்தில் நின்று தானியம் கொட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்நாளின் கடைசிப் பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. இவள் காதில் விழுந்தது மோட்டார் மட்டும்.

நடுவே ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். கொழுந்தனைக் கொட்டச் சொல்லிவிட்டு அந்த வீட்டு ஜன்னலுக்குப் போய் நின்றால் என்ன? ஜன்னலை அவள் எட்டும் முன்பே தெரிந்துவிட்டது, அவன் கை சரியில்லை. ஒரேயடியாகக் கவிழ்ப்பான், மோட்டார் திணறும். பிறகு மறந்து நிற்பான், கல் வெறுமனே கிறீச்சிடும். சத்தம் ஏறி இறங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து கைத்தடியால் சுவரில் இடி விழுந்தது. அண்ணன் மகள் வந்து, "மில்லம்மா கைதான் வேணுமாம்" என்றாள். போட்டுப் பார்க்கலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் மில் சத்தத்தைப் பதிவு செய்து, காதில் மாட்டும் கருவி வழியாக அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். காதை அடைத்தால் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று அந்த அம்மா கழற்றி எறிந்துவிட்டார்.

ஆறு பாட்டு முடிந்தது. சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டு மூட்டையில் உட்கார்ந்தவள் மகளிடம் மனசைக் கொட்டினாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவளைப் பொறுத்தவரை.

"மில் நின்னா அவங்களுக்குப் பாட்டு இல்ல! மில் ஓடினா எனக்குக் காது இல்ல! நாளைக்கு ஒரு பாட்டோட முடிஞ்சுது! எனக்குக் கொடுத்து வைக்கல, விடு!"

மறுநாள் காலை அண்ணன் மகள் வந்தாள். "மில்லப் போட வேணாமாம். உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மில்லுக்காரி அந்த வீட்டு வாசற்படியை முதல் முறையாக மிதித்தாள். ஜன்னலெல்லாம் கம்பளி தொங்கியது. சுவரோரம் ஒரு பலகையில் பாட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தலை சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்க் கறை ஒரு வட்டமாகப் படிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மில்லுக்காரி சாயும் மூட்டைக்கு நேர் எதிரே.

"வா மில்லுக்காரி. கைக்குட்டை வேணுமா? இங்க மாவு இல்ல, வெறும் இருமல்தான்."

"அன்னைக்குச் சொன்னத இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா?"

"எல்லாத்தையும் வச்சிருக்கேன். இந்த ஆறு பாட்டும் என்னன்னு நெனச்சே? உங்க வீட்டுப் பேச்சுதான். உன் சின்ன மக பள்ளிக்கூடத்துக்குப் போகாம மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சது ஒரு பாட்டு. உன் மாமியார் சாகறப்போ உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாளே, அது ஒண்ணு."

"ஐயய்யோ! பட்டப்பகல்ல களவாணித்தனம் பண்ணியிருக்கீங்களே!"

"களவாணியா? காதப் பொத்திக்கிட்டாலும் நுழையற மாதிரி கத்தினது யாரு?" பாட்டுக்காரம்மா சிரித்து, மூச்சு வாங்கி, கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "உன் வீட்டுக்காரர் படுக்கையில கெடந்தப்போ, மில்லுலேர்ந்தே கேப்பியே, மருந்து குடிச்சீங்களான்னு."

"அவருக்குக் குரல் இல்ல. டம்ளரால கட்டில் கம்பியில தட்டுவாரு. அந்தக் கை ஆடறதப் பாத்துக்குவேன்."

"சுவத்துல எனக்குக் கேக்கும். ரெண்டு தட்டு. அவர் போனப்புறமும் ஒரு நாள் மறந்துபோய்க் கேட்டே."

மில்லுக்காரி சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதில் வரலையேன்னு எனக்குத் தாங்கல. நான்தான் தட்டினேன், சுவத்துல. அப்புறமும் எத்தனையோ நாள் கேட்டே. எத்தனையோ நாள் தட்டினேன்."

"எனக்குக் கேக்கலையே அக்கா."

"எப்படிக் கேக்கும்? மில் ஓடுச்சே."

இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மில் இல்லாமல் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டார். பாட்டுக்காரம்மா மில்லுக்காரியைத் தன் பலகையிலேயே உட்கார வைத்தார். "முறத்துல புடைக்கும்போது போடுவியே, ம்ம்ம்னு. அதப் போடு."

"இவங்க பாடிப் பழக்கமில்லையே அம்மா" என்றார் இசையமைப்பாளர்.

"அவ பாட வேணாம். ஓடினாப் போதும்."

மில்லுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் மோட்டார் போடுகிற நேரத்தை நினைத்துக்கொண்டாள். உதடு திறக்காமல் "ம்ம்ம்" என்று எடுத்தாள். தன் பங்குக்கு வயலின்காரர் தலையை நிமிர்த்தி, கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, மில் ஓடும் அதே சுருதிதான் என்று தலையாட்டினார். அந்த "ம்ம்ம்" மேல், தோள் மேல் கை போடுவது போல், பாட்டுக்காரம்மாவின் குரல் வந்து உட்கார்ந்தது.

ரேடியோவில் கேட்ட குரல் இல்லை அது. ஓரங்களில் தேய்ந்திருந்தது. மாவு சலிக்கும்போது கை விரலில் படுமே, அந்த நைசு. மில்லுக்காரியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, "ம்ம்ம்" நிற்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து கேட்கிறாள், நிறுத்துவாளா? அப்போது வந்தது சரணம்.

தொப்பி போட்டு வந்தவரே, தூரத்து ஊர்க்காரரே,
தொப்பிக்குள்ளே என்னவென்று மாமியார் கேட்கிறார்.
கழற்றி வைத்துச் சிரித்தீரே, காணக் கண் கோடியே,
வானத்து நிலா இறங்கி வந்து வழுக்கி விழுந்ததே.

மில் நின்றுவிட்டது. மில்லுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடக்கப் பார்த்து, அடங்காமல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டாள். ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார். பாட்டுக்காரம்மா அவரைக் கண்ணாலேயே அடக்கினார். சிரிப்பு ஓயும் வரை பொறுத்து, மில்லுக்காரியின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். மில்லுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி "ம்ம்ம்" என்று எடுத்தாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து போனது.

ஆல்பம் அப்படியேதான் வெளிவந்தது. ஆறு பாட்டுக்கு அடியில் ஓடுவது என்ன வாத்தியம் என்று பலரும் கேட்டார்கள். மிகப் பழைய கருவி, வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று இசையமைப்பாளர் பேட்டி கொடுத்தார். கத்தாதே கையில் ஆல்பத்தின் அட்டையை வைத்துக்கொண்டு, மோட்டாரைப் போட்டது தான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். தொப்பி மாப்பிள்ளை மாமியாரிடம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் புதிதாக ஒரு தொப்பி வாங்கினார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் கழற்றிக் காட்டுவதற்கு.

பாட்டுக்காரம்மா பாடுவதை நிறுத்திவிட்டார். பலகை மட்டும் அதே இடத்தில்தான் கிடக்கிறது, தலையும் அதே கறையில்தான் சாய்கிறது. மில்லுக்காரி காலையில் மோட்டாரைப் போட்டு, முதல் டின்னைக் கவிழ்த்துவிட்டு, சுவரைப் பார்த்து அடித்தொண்டையில் கத்துகிறாள்.

"அக்கா! மருந்து குடிச்சீங்களா?"

கத்திவிட்டு உள்ளங்கையை விரித்துச் சுவரில் அழுத்தி வைத்துக்கொள்கிறாள். காதில் விழாது, மில் ஓடுகிறதே. கையில் விழுகிறது. இரண்டு தட்டு.